பழைய சிறுவர் கதைகளும் இனவெறியும்: ஒதுக்குவதா, திருத்தியதை வாங்குவதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஆறு வயது மகளுக்கு வாசித்துக் காட்டுவதற்காக, நீங்கள் சின்ன வயதில் ஆசை ஆசையாகப் படித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறீர்கள். புலிகள் நெய்யாக உருகும் கதை, விலங்குகளோடு பேசும் டாக்டர் டூலிட்டில், சாக்லேட் தொழிற்சாலைக்குப் போகும் சார்லி, புல்வெளியில் வீடு கட்டும் லாராவின் குடும்பம். இவற்றையெல்லாம் இப்போது இனவெறிக் கதைகள் என்கிறார்களே, ஒதுக்கிவிடுவதா, திருத்திய பதிப்பு வாங்குவதா, இல்லை இது வெறும் மிகையா என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் நீங்கள் நேரடியாகக் கேட்காத கேள்வி ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. நான் நேசித்த ஒன்றைக் கொடுத்து என் பிள்ளைக்குக் கெடுதல் செய்துவிடுவேனோ என்ற பயம் அது. சிறுவர் நூலகப் பிரிவில் பல ஆண்டுகள் புத்தகம் தேர்ந்தெடுத்தும், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தும் வந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் உளவியலாளன் அல்ல. அந்தப் பக்கம் போகும் இடங்களில் அதைச் சொல்லிவிட்டே போகிறேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. "அந்தக் காலத்தில் யாருக்கும் இது தப்பாகப் படவில்லை, இப்போதுதான் எல்லாவற்றுக்கும் கோபப்படுகிறார்கள்" என்று அடிக்கடி கேட்கிறோம். இது சரியல்ல. 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற அந்தப் புலிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932-லேயே அதைக் குறித்து எழுதியிருக்கிறார். வெள்ளைக் குழந்தைக்கு அது வேடிக்கையாக இருக்கலாம், ஏற்கெனவே பல காயம் பட்ட கறுப்புக் குழந்தைக்கோ அது இன்னொரு சுடுசொல் என்பது அவர் சொன்னதன் சாரம். லாராவின் புத்தகத்தைப் பற்றி 1952-ல் ஒரு வாசகர் பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டார், அடுத்த ஆண்டே ஒரு வரி மாறியது. சார்லி கதை திரைப்படமாகப் போகிறது என்று தெரிந்தவுடன் அமெரிக்காவின் கறுப்பின உரிமை அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. ஆகவே அன்றைக்கும் வலித்தது. வலித்தவர்களின் பேச்சு பதிப்பகங்களிலும் நூலகங்களிலும் எடுபடவில்லை, அவ்வளவுதான். "அந்தக் காலத்து மனிதர்கள்" என்று நாம் சொல்லும்போது அதில் இவர்களையும் சேர்த்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

புலிக் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் இந்த விவாதத்தின் எல்லா முடிச்சும் அதில் இருக்கிறது. எழுதியவர் ஹெலன் பேனர்மேன், ஸ்காட்லாந்துக்காரர். கணவர் இந்திய மருத்துவப் பணியில் டாக்டர். மதராசுக்கும் கொடைக்கானலுக்கும் இடையிலான நீண்ட ரயில் பயணத்தில், தன் பெண் பிள்ளைகளுக்காக அவரே படமும் போட்டு எழுதிய சின்னப் புத்தகம் அது. 1899-ல் லண்டனில் வெளிவந்தது. சிவப்புச் சட்டை, நீலக் கால்சட்டை, பச்சைக் குடை, ஊதா நிறச் செருப்பு என்று சீவி முடித்து ஒரு பையன் காட்டுக்குள் நடந்து போகிறான். புலிகள் ஒவ்வொன்றாக வந்து அவனைத் தின்னப் பார்க்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உடுப்பைக் கொடுத்துத் தப்பிக்கிறான். வாலில் குடை, காதில் செருப்பு என்று புலிகள் தங்களுக்குள் 'யார் அழகு' என்று சண்டை போட்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, உருகி நெய்யாகிவிடுகின்றன. அந்த நெய்யில் அம்மா சுட்ட அப்பங்களில் 169-ஐ அவனே சாப்பிடுகிறான். கதைக் கட்டுமானம் என்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப வரும் வாக்கியம், ஏறிக்கொண்டே போகும் ஆபத்து, புத்தியால் ஜெயிக்கும் சின்னப் பையன், வயிறு நிறையச் சாப்பாடு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?

சிக்கல் பெயரிலும் படத்திலும் இருந்தது. அவனுக்கு வைத்த 'சாம்போ' என்ற பெயர் கறுப்பினத்தவரை மட்டம் தட்டி அழைக்க ஏற்கெனவே புழங்கிய பெயர். அப்பா, அம்மாவின் பெயர்களோ வாய்க்கு வந்த உளறல் மாதிரி. படங்களில் தடித்த உதடு, முழித்த கண் என்று மேடைக் கேலி வேஷங்களின் சாயல். இதோடு ஒரு வியாபாரத் தவறும் சேர்ந்தது. 5 பவுனுக்குக் காப்புரிமையே கைமாறிவிட்டதால், அமெரிக்காவில் யார் யாரோ தங்கள் இஷ்டப்படி படம் போட்டு அச்சிட்டார்கள். காட்டில் புலியும் அடுப்பில் நெய்யும் இருந்த கதை, அங்கே போய் அடிமைக்காலக் கேலிச்சித்திரமாகவே மாறிவிட்டது. எழுதியவரின் மனதில் வெறுப்பு இருந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் பெரிய அக்கறை இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தார்களே, அந்தப் பிள்ளைகளுக்கு ஆசிரியரின் நல்லெண்ணம் ஒரு துணையும் செய்யவில்லை.

அந்தக் கதை பிழைத்த விதமும் கவனிக்க வேண்டியது. 1996-ல் ஒரே ஆண்டில் இரண்டு மறுபிறவி கிடைத்தது. ஃபிரெட் மார்செலினோ என்ற ஓவியர் ஏறக்குறைய மூல வரிகளையே வைத்துக்கொண்டு, பையனுக்குப் 'பாபாஜி' என்று பெயரிட்டு, இந்தியச் சூழலில் புதுப் படங்கள் வரைந்தார். கறுப்பின எழுத்தாளர் ஜூலியஸ் லெஸ்டரும் ஓவியர் ஜெரி பிங்க்னியும் அதை அமெரிக்கத் தென்பகுதிக் கறுப்பினக் கதைசொல்லியின் குரலில் முழுசாகத் திரும்பச் சொன்னார்கள். இரண்டையும் பிள்ளைகளுக்கு வாசித்திருக்கிறேன். புலி உருகும் இடத்தில் வரும் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை. யாரையும் இழிவுபடுத்தாமலே அந்தக் கதையால் நிற்க முடிகிறது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்கு வேண்டாம். உங்கள் மகளுக்கு இந்த இரண்டில் ஒன்றைக் கொடுங்கள் என்பதுதான் அந்தப் புத்தகத்துக்கு என் பதில்.

எல்லாக் கதையும் இப்படிச் சுலபமாகப் பிரிந்து வராது. தேர்ந்தெடுக்கும்போது நான் எனக்குள் கேட்டுக்கொள்வது, கோளாறு எங்கே இருக்கிறது என்பதை. சொல்லிலும் படத்திலுமா, கதை முடிச்சிலா, கதை நிற்கும் தரையிலேயா? மேலே சொன்னது முதல் வகை. டாக்டர் டூலிட்டில் இரண்டாவது வகை. 1920-ல் வந்த மூலத்தில், ஆப்பிரிக்க இளவரசன் பம்போ தேவதைக் கதைகளைப் படித்துவிட்டு, தூங்கும் இளவரசியை முத்தமிட்டு எழுப்பப் போய், அவள் அவனுடைய கறுப்பு முகத்தைக் கண்டு அலறிவிட்டதாகச் சொல்கிறான். தன்னை வெள்ளையாக்கிவிடும்படி டாக்டரிடம் கெஞ்சுகிறான். சிறையில் இருக்கும் டாக்டர் மருந்து கலந்து அவன் முகத்தை வெளுக்க வைக்கிறார், அதற்குக் கைம்மாறாக அவன் அவர்களைத் தப்ப விடுகிறான். இங்கே ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போட்டுச் சரிசெய்ய முடியாது. தப்பிக்கும் வழியே அந்த அவமானத்தின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அதனால்தான் 1988 பதிப்பில் அந்த நிகழ்ச்சியையே மாற்ற வேண்டி வந்தது. விலங்குகளின் மொழியைக் கற்றுக்கொண்டு அவற்றின் நோய் தீர்க்கும் ஒரு மனிதர் என்ற அருமையான கற்பனை கதையின் நடுவில் பத்திரமாக இருக்கிறது, அதற்கு அந்தக் காட்சி தேவையே இல்லை. எனவே திருத்திய பதிப்பை மனச்சங்கடம் இல்லாமல் வாங்கலாம்.

லாரா இங்கல்ஸ் வைல்டர் தன் சிறுவயதைக் கதையாக்கிய புல்வெளி வீடு மூன்றாவது வகை, இதுதான் கடினம். 1935-ல் வந்த முதல் பதிப்பில், அந்தப் பரந்த நிலத்தை வர்ணிக்கும்போது அங்கே மனிதர்களே இல்லை, இந்தியர்கள் (அமெரிக்கப் பூர்வகுடிகளை அப்படித்தான் அழைத்தார்கள்) மட்டுமே வாழ்ந்தார்கள் என்று ஒரு வரி. அதாவது பூர்வகுடி மக்கள் மனிதர்கள் என்ற கணக்கிலேயே வரவில்லை. நான் மேலே சொன்ன கடிதத்துக்குப் பிறகு, 1953-ல் 'மனிதர்கள்' என்ற இடத்தில் 'குடியேறிகள்' என்று மாற்றினார்கள். வாக்கியம் சரியாகிவிட்டது. ஆனால் கதை நடக்கும் நிலம் கான்சாசில் ஓசேஜ் மக்களுக்கு உரியது. அங்கே அனுமதியில்லாமல் வந்து வீடு கட்டிய குடும்பத்தின் பார்வையில்தான் மொத்தக் கதையும் நகர்கிறது. செத்த இந்தியன்தான் நல்ல இந்தியன் என்று அண்டை வீட்டார் பேசுவதும், அம்மாவின் வெறுப்பும் அப்படியே இருக்கின்றன. அப்பா அதை ஒப்புக்கொள்ளாமல் மாற்றுக் கருத்துச் சொல்கிறார் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். கதவு செய்வது, கிணறு வெட்டுவது, காய்ச்சலில் படுத்துக் கிடப்பது என்று ஒரு குடும்பத்தின் அன்றாட உழைப்பை இவ்வளவு துல்லியமாகப் பிள்ளைகளுக்குச் சொன்ன எழுத்தும் அபூர்வம். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. 2018-ல் அமெரிக்கச் சிறுவர் நூலகர் சங்கம் அவர் பெயரிலிருந்த விருதுக்கு வேறு பெயர் வைத்தது. புத்தகத்தை யாரும் தடை செய்யவில்லை, இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஒரு பரிசின் பெயரை மாற்றுவதும் ஒரு புத்தகத்தைப் பறிப்பதும் ஒன்றல்ல. செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

இப்போது திருத்துவதைப் பற்றி. எழுதியவரே உயிரோடு இருக்கும்போது மாற்றியது எத்தனையோ உண்டு. 1964-ல் வந்த சார்லியில், தொழிற்சாலையில் வேலை செய்யும் ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட கறுப்புக் குள்ள மனிதர்கள். சம்பளத்துக்குப் பதில் கோக்கோ விதை. எதிர்ப்பு வந்த பிறகு ரோல்ட் டால் 1973 பதிப்பில் அவர்களை வெள்ளைத் தோலும் பொன்னிறக் கூந்தலும் கொண்ட கற்பனைத் தேசத்தவர்களாக்கினார். மேரி பாப்பின்ஸில் உலகத்தின் நான்கு திசைகளையும் சுற்றிவரும் அத்தியாயத்தை பி. எல். டிராவர்ஸ் இரண்டு முறை திருத்தினார். 1981-ல் அங்கே வந்த மனிதர்களை எடுத்துவிட்டு விலங்குகளைப் போட்டார். காங்கோவுக்குப் போன டின்டின், வகுப்பில் ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கு "உங்கள் தாய்நாடு பெல்ஜியம்" என்று பாடம் நடத்துவான். அந்தப் படக்கதையை வரைந்த எர்ஜே 1946-ல் அதைக் கணக்குப் பாடமாக்கினார். ஆனால் படங்களின் கேலி அப்படியே நின்றுவிட்டது, அதனால் அந்தப் புத்தகத்தைச் சின்னப் பிள்ளைகளின் அலமாரியில் நான் வைப்பதில்லை. மூலம் புனிதமானது, கை வைக்கக்கூடாது என்று சொல்பவர்களில் பலர் சின்ன வயதில் படித்ததே இப்படித் திருத்தப்பட்ட பதிப்பைத்தான்.

ஆசிரியர் இறந்த பிறகு செய்யும் திருத்தத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. டால் 1990-ல் காலமானார். 2023-ல் அவருடைய புத்தகங்களில் பதிப்பகம் நூற்றுக்கணக்கான இடங்களில் சொற்களை மாற்றியது வெளியே தெரிந்து பெரிய சண்டையானது. அவற்றில் பல இனம் தொடர்பானவையே அல்ல, உடல் பருமன், தோற்றம் பற்றிய சொற்கள். கடைசியில் பழைய பாடத்தையும், அதாவது திருத்தாத வரிகளையும், தனி வரிசையாக வெளியிடுவதாக அறிவித்தார்கள். என் கருத்து இது: இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தும் சொல்லைச் சிறுவர் பதிப்பிலிருந்து எடுப்பது நியாயம், ஆனால் எடுத்ததைப் புத்தகத்திலேயே எழுதிவிடவேண்டும். சத்தமில்லாமல் மாற்றினால் பெற்றோருக்கு எதை வாசிக்கிறோம் என்று தெரியாது, எழுத்தாளர் அன்று என்ன எழுதினார் என்பதும் மறைந்துபோகும். கரடுமுரடான நடையை எல்லாம் தேய்த்து வழுவழுப்பாக்குவது வேறு வேலை. அதற்கு இனவெறி எதிர்ப்பின் பெயரைப் பயன்படுத்தக்கூடாது. அமெரிக்கச் சிறுவர் படப்புத்தக எழுத்தாளர் டாக்டர் சூஸ் விஷயத்தில் நடந்தது இதிலிருந்து வேறுபட்டது. அவருடைய படைப்புகளை நிர்வகிக்கும் நிறுவனமே 2021-ல் ஆறு தலைப்புகளை இனி அச்சிடுவதில்லை என்று முடிவெடுத்தது. அரசாங்கமோ நூலகமோ கட்டாயப்படுத்தவில்லை.

பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். கவனிக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் முன்பே தோல் நிற வேறுபாட்டைப் பார்க்கவும், எந்த நிறத்துக்கு மதிப்பு என்று சுற்றியுள்ளவர்களிடமிருந்து பிடித்துக்கொள்ளவும் தொடங்கிவிடுகிறார்கள். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 1940-களில் கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் காட்டிச் செய்த ஆய்வில், பல கறுப்புக் குழந்தைகளே வெள்ளைப் பொம்மையைத்தான் 'நல்லது' என்று சுட்டினார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினையை ரத்து செய்த 1954-ம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் அந்த ஆய்வு இடம்பெற்றது. அதன் முறைமீது பிற்காலத்தில் விமர்சனங்கள் எழுந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட கதைப்புத்தகம் ஒரு பிள்ளையை இனவெறியராக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்படிக் காரண காரியமாகப் பிரித்துக் காட்டுவது மிகக் கடினம். ஒரு புத்தகத்தைவிட அலமாரி முழுவதும் சேர்ந்து சொல்வதுதான் பலமானது. அமெரிக்கக் கல்வியாளர் நான்சி லாரிக் 1965-ல் வெளியிட்ட கணக்கை இங்கே நினைவுபடுத்தவேண்டும். மூன்று ஆண்டுகளில் அமெரிக்காவில் வந்த 5,206 சிறுவர் புத்தகங்களில், ஒரு கறுப்பின மனிதராவது வந்தவை 349 மட்டுமே, 6.7 சதவீதம். இத்தனை வறட்சியில், வந்த சொற்பத்திலும் கேலிச்சித்திரம் என்றால் அந்தப் பிள்ளை தன் முகத்தை வேறு எங்கே போய்ப் பார்க்கும்?

ஒரு வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஆசிரியர் ஒருவர் பழைய படப்புத்தகம் ஒன்றை உயர்த்திப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தார், நான் பின்வரிசையில் இருந்தேன். ஒரு பக்கத்தில் கன்னங்கரிய கோமாளி உருவம் வந்தது. பிள்ளைகள் படத்தை ஒரு விநாடிதான் பார்த்தார்கள். அப்புறம் ஒருவர் பின் ஒருவராகத் தலையைத் திருப்பி, வகுப்பிலேயே மிகவும் கறுப்பாக இருந்த சிறுமியைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் தன் செருப்பு வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரே கதைதான், ஆனால் அந்த அறையில் ஒவ்வொருவருக்கும் அது ஒரே கதையாக இல்லை. வீட்டில் உங்கள் மகளுக்கு மட்டும் வாசிப்பதற்கும், பலர் கூடியிருக்கும் வகுப்பில் வாசிப்பதற்கும் நான் ஒரே பதில் சொல்லாததற்கு இதுதான் காரணம். கேலி செய்யப்படும் இனத்தைச் சேர்ந்த பிள்ளை கேட்கும் இடத்தில், எது வலிக்கும் என்று அந்த வீட்டாரைக் கேட்காமல் நான் முடிவு செய்வதில்லை.

ஆறு வயது என்பதும் முக்கியம். அந்த வயதில் பிள்ளைகளுக்கு 'முன்னொரு காலத்தில் மக்கள் இப்படித் தவறாக நினைத்தார்கள்' என்ற தூரம் பிடிபடாது. படம் மனதில் பதியும், நீங்கள் கொடுக்கும் விளக்கம் நிற்காது. அதனால் கேலிப் படம் உள்ள புத்தகத்தை விளக்கம் சொல்லி வாசிப்பதைவிட, இப்போதைக்கு வாசிக்காமல் விடுவதே மேல் என்பது என் அனுபவம். எட்டு, ஒன்பது வயதில் நிலைமை மாறும். அப்போது லாராவின் கதையை எடுத்து, வீடு கட்டும் அத்தியாயத்தில் நிறுத்தி, "இவர்கள் வண்டியில் வந்து இறங்குவதற்கு முன்னால் இங்கே யார் குடியிருந்தார்கள்? அவர்கள் வீட்டுப் பிள்ளை இந்தக் கதையைச் சொன்னால் எங்கிருந்து ஆரம்பிக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சொல்லும் பதில்கள் உங்களைத் திகைக்க வைக்கும். பாடம் நடத்துகிற குரல் மட்டும் வேண்டாம், அதைக் கேட்டவுடன் அவர்கள் காதை மூடிக்கொள்வார்கள். கூடவே லூயிஸ் எர்ட்ரிக் எழுதிய 'பர்ச்பார்க் ஹவுஸ்' என்ற நாவலையும் வாசியுங்கள். அவரே ஓஜிப்வே என்ற பூர்வகுடி மரபைச் சேர்ந்தவர். 1847-ல் சுப்பீரியர் ஏரித் தீவு ஒன்றில் வாழும் ஓஜிப்வே சிறுமியின் கதை அது, லாராவின் கதையைப் போலவே குளிர், பசி, வேலை, விளையாட்டு எல்லாம் உண்டு. பெரியம்மை நோய் வரும் பகுதி கனமானது, நீங்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வாசிப்பது நல்லது.

கடைசியாக உங்கள் கையில் இருக்கும் பிரதிகள். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் உள்ள பதிப்பு விவரத்தைப் பாருங்கள். மறு அச்சு ஆண்டை அல்ல, எந்த ஆண்டின் பாடம் என்பதைக் கவனிக்கவேண்டும். சந்தேகமாக இருந்தால் உள்ளே புரட்டுங்கள்: ஊம்பா லூம்பாக்கள் கறுப்பு நிறத்தவர் என்று இருந்தால் அது 1973-க்கு முந்தைய பாடம், பம்போ முகத்தை வெளுக்கக் கேட்டால் அது டூலிட்டிலின் பழைய பாடம். அவற்றையும் பழைய புலிக் கதையையும் தூக்கி எறியவேண்டாம், பெரியவர்கள் அலமாரிக்கு மாற்றுங்கள். உங்கள் மகளுக்கு இப்போது திருத்திய சார்லி, திருத்திய டூலிட்டில், பாபாஜியின் புலிகள் ஆகியவை போதும், லாராவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் சார்லியின் இரண்டு பாடங்களையும் அவள் கையில் கொடுத்து, எது ஏன் மாறியது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம். அந்த வயதுப் பிள்ளைகளோடு இதைச் செய்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்கள் முதலில் பிடிப்பது தோல் நிறத்தை அல்ல, திருத்திய பிறகும் அந்தத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் கோக்கோ விதையாகவே இருப்பதை.